மேக்ரோ எங்கே பிறந்தது? சி மூல நிரலுக்கு இரண்டு இண்டெக்ஸ்கள்

சி மொழியில் எழுதப்பட்ட பெரிய மென்பொருளைப் படிக்கத் தொடங்குபவரை மிகவும் அலைக்கழிப்பவை, ஒரு பெயருக்குப் பதிலாக வேறு நிரல் துண்டை வைக்கும் வரையறைகளான மேக்ரோக்களே. ஃபங்ஷனின் பெயரைக் கம்பைலர் அறியும். மேக்ரோவோ, கம்பைலர் இலக்கணம் பார்க்கத் தொடங்கும் முன்பே பிரீபிராசஸரால் விரிக்கப்பட்டு மறைந்துவிடுகிறது. ஆகவே ‘இந்த மேக்ரோ எங்கே வரையறுக்கப்பட்டுள்ளது’ என்று நாம் கேட்கும்போது, மூல நிரலில் எங்கெங்கே எழுதப்பட்டுள்ளது என்பதையும், நாம் உருவாக்கும் பைனரியில் (இயங்கும் கோப்பில்) எது செல்லுபடியாகிறது என்பதையும் சேர்த்தே கேட்கிறோம். இவ்விரண்டுக்கும் ஒரே கருவியை நம்பியிருக்கக் கூடாது என்பது என் கருத்து.

முதல் கேள்விக்கு, பெயர்கள் வரையறுக்கப்பட்ட இடங்களை இண்டெக்ஸாகப் பதியும் சிடேக்ஸ் போதும். பெர்க்லி யூனிக்ஸில் கென் அர்னால்டு எழுதிய இக்கருவியின் வழிவந்த யுனிவர்சல் சிடேக்ஸ் இன்று பரவலாகப் புழங்குகிறது. அது உருவாக்கும் டேக்ஸ் கோப்பில் ஒவ்வொரு வரியும் பெயர், கோப்பு, அங்கே செல்வதற்கான குறிப்பு, வகை எழுத்து என அமையும். மேக்ரோவின் வகை எழுத்து ‘டி’ (d). வரிகள் பெயர் வரிசையில் அடுக்கப்பட்டிருப்பதால் எடிட்டர் எல்லாவற்றையும் படிக்காமல் நேராகத் தாவ முடிகிறது. பழைய எக்ஸூபரன்ட் சிடேக்ஸைப் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மற்றவற்றுக்கு அந்த வரியின் எழுத்துகளையே கொண்ட தேடுதொடரை எழுதும் அது, சி மேக்ரோக்களுக்கு மட்டும் இயல்பாக வரி எண்ணையே எழுதுகிறது. ஹெடர் கோப்பின் தலைப்பில் ஒரு வரி கூடினாலும் கீழுள்ள மேக்ரோக்கள் அனைத்தும் ஒரு வரி தள்ளிப் போய்விடும். தேடுதொடரே வேண்டும் என்று விருப்பத்தில் குறிப்பிட்டுவிட்டால் இத்தொல்லை இல்லை.

‘#இஃப் 0’ (#if 0) என்று முடக்கப்பட்ட பகுதியிலுள்ள மேக்ரோக்களையும் சிடேக்ஸ் விடாமல் சேர்க்கும். இதைக் குறை என்று நான் கருதவில்லை. எந்தக் கட்டமைப்பில் எது உயிர்பெறும் என்பது அதற்குத் தெரியாது. ஆனால் ஒரே பெயர் பல இடங்களில் இருக்கும்போது, முதலில் கிடைத்த இடத்துக்கே தாவும் பழக்கத்தை விட்டுவிட்டு, விம் எடிட்டரின் டிசெலக்ட் கட்டளையால் முழுப் பட்டியலையும் பார்ப்பது நல்லது.

இதைவிடக் கடினமானது, ## குறியால் ஒட்டி உருவாக்கப்படும் பெயர். லினக்ஸ் கெர்னலில் ‘சிஸ்_ரீட்’ எங்கே எழுதப்பட்டுள்ளது என்று கிரெப் கட்டளையால் எழுத்துத் தேடல் செய்தால் அதன் உடல் அகப்படாது. ஏனெனில் எஃப்எஸ் கோப்பகத்தில் இருப்பது ‘சிஸ்கால்_டிஃபைன்3’ என்ற மேக்ரோவும் அதன் முதல் உள்ளீடான ‘ரீட்’ என்ற சொல்லும் மட்டுமே. முழுப் பெயர் விரிவாக்கத்தில்தான் உருவாகிறது. எழுத்தை மட்டும் படிக்கும் இண்டெக்ஸுக்கு இதைச் சொல்லித்தர வேண்டும். கெர்னலின் ஸ்கிரிப்ட்ஸ் கோப்பகத்திலுள்ள டேக்ஸ் ஸ்கிரிப்ட் இதைத்தான் செய்கிறது: இத்தகைய மேக்ரோ ஒவ்வொன்றுக்கும் எழுத்து வடிவத்தைப் பொருத்தும் ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷனைக் கொடுத்து, பிறக்கப்போகும் பெயரை முன்கூட்டியே பதியவைக்கிறது. கெர்னலின் கட்டமைப்புத் தேர்வுகளை வரையறுக்கும் கேகான்ஃபிக் கோப்புகளில் முன்னொட்டு இல்லாமல் எழுதப்படும் அமைப்புகள் ‘கான்ஃபிக்_’ என்ற முன்னொட்டுடன் இண்டெக்ஸில் கிடைப்பதும் இவ்வாறே. சொந்த மென்பொருளில் பெயர்களை ஒட்டும் மேக்ரோவை எழுதுபவர், அதற்குரிய ரெகுலர் எக்ஸ்பிரஷனையும் உடனே எழுதி வைப்பது பின்னால் வருபவருக்குச் செய்யும் மரியாதை.

இரண்டாம் கேள்விக்குக் கம்பைலரிடமே செல்ல வேண்டும். பிரீபிராசஸிங்கோடு நிறுத்தும்படி ஜிசிசி கம்பைலருக்குச் சொல்லி ‘டிஎம்’ (-dM) விருப்பத்தையும் கொடுத்தால், இறுதியில் எஞ்சும் மேக்ரோக்கள் அனைத்தையும் தரும். ஆனால் அவை எங்கிருந்து வந்தன என்று சொல்லாது. ‘டிடி’ (-dD) விருப்பமோ வரையறைகளையும் நீக்கங்களையும் நிகழ்ந்த வரிசையிலேயே, கோப்புப் பெயர், வரி எண்களுடன் தருகிறது. பைனரியை உருவாக்கும்போது கம்பைலருக்குத் தரும் அதே கட்டமைப்புக் கொடிகளுடன் இதை ஓட்ட வேண்டும். இல்லையெனில் விடை வேறொரு பைனரிக்கு உரியதாகிவிடும்.

இந்த வரிசை எவ்வளவு தேவை என்பதைக் கெர்னலில் நிகழ்வுகளைப் பின்தொடர உதவும் ‘டிரேஸ்_ஈவென்ட்’ மேக்ரோவில் காணலாம். அங்கே ஒரே ஹெடர் கோப்பு பலமுறை உள்ளிழுக்கப்படுகிறது. ஒவ்வொரு முறைக்கும் முன்னால் அந்த மேக்ரோவோ அது விரியும் துணை மேக்ரோக்களோ நீக்கப்பட்டு, வேறொரு வேலைக்காக மீண்டும் வரையறுக்கப்படுகின்றன. டேக்ஸ் கோப்பு காட்டும் பல இடங்களும் சரியான விடைகளே. எந்தச் சுற்றில் எது நடப்பில் இருந்தது என்பதை ‘டிடி’யின் வெளியீட்டை மேலிருந்து படித்து வந்தால்தான் அறிய முடியும்.