பணம் ஒரு கையில், தீர்ப்பு வேறு கையில்: ஓர் ஆய்வுக் கருத்தரங்கைத் தொடராக்கிய அனுபவம்

வடசென்னைக் கல்லூரிகளில் கணினி அறிவியல் கற்பிக்கும் சிலர் சேர்ந்து ஆண்டுதோறும் ஓர் ஆய்வுக் கருத்தரங்கு நடத்தி வருகிறோம். வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் என்று இடம் மாறிக்கொண்டே இருக்கும். தொடங்கியவர்களில் நானும் ஒருத்தி. மதுரையிலிருந்தும் சேலத்திலிருந்தும் ஆசிரியர்கள் சிலர், “நாங்களும் ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறோம், முதலில் எதைச் செய்வது?” என்று கேட்டிருக்கிறார்கள். மேடை, பேனர், பேச்சாளர் பற்றியெல்லாம் நான் சொல்லித் தர வேண்டியதில்லை. யார் எதை முடிவு செய்வது என்பதை முதலில் எழுதி வையுங்கள் என்பதே என் பதில். நாங்கள் அங்கே எப்படி வந்து சேர்ந்தோம் என்பதைச் சொல்கிறேன்.

நம் கல்லூரிகளில் ‘பன்னாட்டுக் கருத்தரங்கு’ என்ற பெயரில் நடப்பவற்றில் பல, ஒரே ஒருவரின் சுறுசுறுப்பை நம்பி நடப்பவை. அவருக்கு இடமாறுதல் ஆணை வந்தால் கருத்தரங்கும் அவரோடு ஊரை விட்டுப் போய்விடும். அதைவிடப் பெரிய கோளாறு வரவுசெலவில் இருக்கிறது. கட்டுரை ஏற்கப்பட்டால்தான் எழுதியவர் பதிவுக் கட்டணம் கட்டுவார். ஆக, ஏற்கிற ஒவ்வொரு கட்டுரையும் வரவு, தள்ளுகிற ஒவ்வொன்றும் இழப்பு. சாப்பாட்டுக்கும் அரங்குக்கும் பணம் புரட்ட வேண்டியவரே கட்டுரைகளையும் தேர்ந்தெடுத்தால், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் கை தளரத்தான் செய்யும். எங்கள் தொடக்கக் கூட்டத்தில் ஒரு மூத்த பேராசிரியர் வெளிப்படையாகவே சொன்னார்: “வந்ததையெல்லாம் போட்டுவிடுவோம் அம்மா. பிள்ளைகளுக்கும் ஒரு சான்றிதழ் ஆயிற்று, நமக்கும் கையைக் கடிக்காது.” அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் ஓர் இதழ்க் கட்டுரையும் இரண்டு கருத்தரங்க வாசிப்பும் வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் யு.ஜி.சி. விதிகளில் இருந்தது. 2022 விதிகளில் அந்தக் கட்டாயம் நீங்கிவிட்டது, பழக்கம் நீங்கவில்லை. மாணவர்கள் படும் நெருக்கடியைப் பார்த்துப் பார்த்து மனம் இரங்கியவர் அவர். ஆனால், எல்லோருக்கும் கிடைக்கிற சான்றிதழால் எந்தப் பிள்ளைக்கும் பயனில்லை என்று நான் உறுதியாக நம்பினேன், இன்றும் நம்புகிறேன்.

எல்லாவற்றையும் புதிதாகக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. கணினியியலாளர்களின் உலகளாவிய சங்கமான ஏ.சி.எம். அமைப்பின் நிரல்மொழிப் பிரிவு நடத்தும் கருத்தரங்குகளில் பொதுத் தலைவர் ஒருவர், கட்டுரைத் தேர்வுக் குழுவின் தலைவர் வேறொருவர். இடமும் பணமும் முன்னவர் பொறுப்பு, கட்டுரைகள் பின்னவர் பொறுப்பு. தேர்வுக் குழுத் தலைவர் அந்த ஆண்டு தம் கட்டுரையை அங்கே அனுப்பக் கூடாது. இவர்களுக்கு மேலே, முந்தைய ஆண்டுகளில் பொறுப்பு வகித்தவர்கள் இடம்பெறும் வழிநடத்தும் குழு ஒன்று உண்டு. நம் நாட்டிலேயே, கோட்பாட்டுக் கணினி அறிவியலுக்காக 1981இல் தொடங்கிய எஃப்.எஸ்.டி.டி.சி.எஸ். கருத்தரங்கு ஊர் ஊராக மாறி நடந்துகொண்டிருக்கிறது. அதற்குப் பின்னால் ஐ.ஏ.ஆர்.சி.எஸ். என்ற இந்தியக் கணினி ஆய்வாளர் சங்கம் நிற்கிறது. தமிழ்க் கணிமையும் இதே பாடத்தைத் தருகிறது. தமிழ்99 விசைப்பலகைக்கு வழிவகுத்த தமிழ்நெட் 99 மாநாடு 1999இல் சென்னையில் நடந்தது. அடுத்த ஆண்டு உத்தமம் (உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம்) என்ற அமைப்பு உருவானது. சிங்கப்பூர், கோலாலம்பூர், கலிபோர்னியா, மறுபடியும் சென்னை என்று தமிழ் இணைய மாநாடு தொடராக நடந்ததற்கு அந்த அமைப்பு இருந்ததே காரணம்.

ஆகவே நாங்களும் சங்கமாகப் பதிவு செய்தோம். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது 7 பேர் வேண்டும். சங்க விவரக் குறிப்பு, துணை விதிகள் இரண்டையும் எழுதி மாவட்டப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். அதன்பின் ஆண்டுதோறும் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். விண்ணப்பம் பெரிய வேலையில்லை. துணை விதிகளை எழுதுவதில்தான் உயிர் போயிற்று. ராயபுரத்தில் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில் மாலை மாலையாக உட்கார்ந்து ஒவ்வொரு வரிக்கும் சண்டை போட்டோம். அந்தச் சண்டைகளுக்காக இன்று நன்றியோடு இருக்கிறேன். அங்கே வந்த பிளவு பின்னால் மேடையில் வரவில்லை.

பண விஷயத்தில் இரண்டு விதிகள் வைத்தோம். கட்டணம் கட்டுரைக்கு அல்ல, வந்து உட்காருகிற ஆளுக்கு. வந்த கட்டுரைகளில் ஐந்தில் ஒன்று மட்டும் ஏற்கப்பட்டாலும் கையைக் கடிக்காதபடி வரவுசெலவு போடப்பட வேண்டும். அப்படிப் போட்டுப் பார்த்ததும் சால்வை, நினைவுப் பரிசு, நட்சத்திர ஹோட்டல் அறை எல்லாம் தாமாகவே விழுந்துவிட்டன. மதிய உணவைப் பக்கத்துத் தெரு மகளிர் சுய உதவிக் குழு சமைத்தது. பெங்களூரிலிருந்து வந்த பேச்சாளரை மாலையில் வியாசர்பாடிக்கு அழைத்துப் போய் அத்தோ வாங்கிக் கொடுத்தோம். பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த அந்தச் சாப்பாட்டைப் பற்றித்தான் அவர் பிறகும் விசாரித்தார்.

ஓர் ஆண்டு, அரங்கு தருவதாகச் சொன்ன ஒரு கல்லூரி நிர்வாகம், பதிலுக்குத் தங்கள் ஆசிரியர்களின் கட்டுரைகளில் சிலவற்றுக்கு இடம் உறுதி செய்யக் கேட்டது. துணை விதியை எடுத்துக் காட்டி, “எங்கள் பொதுத் தலைவருக்கே அந்த அதிகாரம் இல்லை” என்றோம். உண்மையிலேயே இல்லை. அரங்கு கைவிட்டுப் போயிற்று. வாடகை கொடுத்து வேறிடம் பிடித்தோம்.

கட்டுரைத் தேர்வைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எழுதியவர் பெயர் மதிப்பிடுபவருக்குத் தெரியாது, மதிப்பிடுபவர் பெயர் எழுதியவருக்குத் தெரியாது. ஒரு கட்டுரைக்கு மூன்று மதிப்பீடுகள். ஒரே கல்லூரி, நெறியாளர்-மாணவர் உறவு, அண்மையில் சேர்ந்து எழுதியது, குடும்ப உறவு ஆகியவை நலன் முரண்கள். அப்படி உள்ளவர் அந்தக் கட்டுரை பேசப்படும்போது அறையில் இருக்கக் கூடாது. பழைய தமிழ் அச்சு நூல்களை ஸ்கேன் செய்து கணினியில் எழுத்தாக மாற்றும்போது ரகரத்தையும் துணைக்காலையும் கணினி குழப்பிக்கொள்கிறது, இரண்டும் ஏறக்குறைய ஒரே வடிவம் என்பதால். அதைச் சொல்லின் சூழலை வைத்துப் பிரித்தறிய ஒரு முறையை முன்வைத்த கட்டுரை வந்தது. ஒருவர் கட்டாயம் ஏற்க வேண்டும் என்றார். இன்னொருவர், இதே வேலைக்கு ஏற்கெனவே உள்ள டெசராக்ட் மென்பொருளோடு ஒப்பீடே இல்லை, தள்ளுங்கள் என்றார். மூன்றாமவர் நடுவில் நின்றார். அது தேர்வுக் குழுத் தலைவரின் மாணவி எழுதியது. அவர் எதுவும் சொல்லாமல் எழுந்து வெளியே போனார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் தேநீர்க் குவளையோடு நின்றது எங்களுக்குத் தெரிந்தது. துணைத் தலைவர் கட்டுரையைத் திரையில் போட்டு ஒவ்வொரு பக்கமாக நகர்த்தினார். கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் ஓர் அட்டவணை; அந்த ஒப்பீடு அதில் இருந்தது. தள்ளச் சொன்னவர் அட்டவணையைப் படித்தார், பிறகு தம் மதிப்பெண்ணைத் தாமே உயர்த்தினார். அட்டவணையை முன்னே கொண்டுவந்து விளக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு, திருத்தத்தைப் பார்த்துக்கொள்ள ஒருவரை நியமித்து, கட்டுரையை ஏற்றோம். தலைவர் உள்ளே வந்தபோது அடுத்த கட்டுரை தொடங்கிவிட்டது. முடிவு என்ன என்று அவர் கேட்கவில்லை.

மூன்று பேர் படித்தால் தீர்ப்பு சரியாகிவிடுமா? 2014இல் இயந்திரக் கற்றலுக்கான பெரிய பன்னாட்டுக் கருத்தரங்கான நியூரிப்ஸ் 166 கட்டுரைகளைத் தனித்தனியாக இரண்டு குழுக்களிடம் கொடுத்துப் பார்த்தது. சுமார் கால்பங்குக் கட்டுரைகளில் ஒரு குழு ஏற்றதை மற்றது தள்ளியது. அவ்வளவு பெரிய இடத்திலேயே நிலைமை அதுதான். அதனால் நிராகரிப்புக் கடிதத்தில் ‘தரம் போதாது’ என்ற சொல்லை எங்கள் குழுவில் யாரும் எழுதக் கூடாது. காரணத்தை எழுத வேண்டும், அடுத்து என்ன செய்யலாம் என்றும் எழுத வேண்டும். மேல்முறையீடு உண்டு, ஆனால் நடைமுறை மீறப்பட்டிருந்தால் மட்டும். மதிப்பீட்டுக்கு எழுதியவர் பதில் சொல்ல அவகாசம் தரலாமா என்பதில் இன்னும் எங்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. இலவசமாக உழைக்கும் மதிப்பீட்டாளர்களுக்கு அது இரட்டைச் சுமை என்பது என் கட்சி.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. எங்கள் கருத்தரங்கு அந்த வாரத்தில் இருந்தது. வியாசர்பாடி, பெரம்பூர் பக்கமெல்லாம் தண்ணீர் நின்றது, மின்சாரம் இல்லை, விமான நிலையம் மூடப்பட்டது. தள்ளிவைப்பதா, இணையவழியில் நடத்துவதா, யார் சொல்வது? அதுவரை எந்த விதியிலும் அது இல்லை. கைப்பேசியில் மின்னூட்டம் மிச்சமிருந்த மூன்று பேர் பேசி முடிவெடுத்தோம். எல்லோரும் ஏற்றுக்கொண்டது அவர்களின் பெருந்தன்மை. அடுத்த பொதுக்குழுவில் அதையே விதியாக்கினோம்: நெருக்கடியில் பொதுத் தலைவரும் வழிநடத்தும் குழுவினர் இருவரும் சேர்ந்து முடிவெடுக்கலாம், காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தேதி வைப்பதில்லை என்றும் தீர்மானித்தோம்.

தொகுப்பு வெளியீட்டில், “ஸ்கோபஸில் வருமா?” என்ற கேள்வி எல்லா ஆண்டும் வரும். ஆய்வு வெளியீடுகளைத் தேர்ந்து பட்டியலிடும் தரவுத்தளம் அது. பட்டியலில் சேர்த்துத் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்கும் இடைத்தரகர்களும் வருவார்கள். ஒருவரையும் உள்ளே விடாதீர்கள். ஜெர்மனியின் ஆக்கன் நகரிலிருந்து 1995 முதல் இயங்கும் சி.இ.யு.ஆர். தளம் ஆய்வரங்குகளின் கட்டுரைத் தொகுப்புகளைக் கட்டணமின்றி வெளியிடுகிறது. பதிப்பாசிரியர் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும், அவ்வளவுதான். யாரும் எங்கிருந்தும் காசில்லாமல் படிக்கலாம் என்பது எங்கள் மாணவர்களுக்கு எந்தப் பட்டியலைவிடவும் முக்கியம்.

நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் 3 ஆண்டுகளைத் தாண்டக் கூடாது என்கிறது சட்டம். மறுபடியும் தேர்ந்தெடுக்கப்படத் தடையில்லை. எங்கள் துணை விதி அதைவிடக் கண்டிப்பானது: ஒருவர் இறங்கினால் அடுத்த 3 ஆண்டுகள் திரும்ப வர முடியாது. நான் இந்தப் பொதுக்குழுவோடு இறங்குகிறேன். என் இடத்துக்கு வருபவர் தண்டையார்பேட்டையில் பணிபுரியும் இளைய ஆசிரியர். பதில் சொல்லும் அவகாசம் கட்டாயம் வேண்டும் என்று என்னோடு வாதாடியவர். அவருக்குத்தான் வாக்களித்தேன். முதல் கூட்டத்திலேயே அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவரப் போவதாகச் சொல்கிறார். விதியைத் திருத்தச் சாதாரணப் பெரும்பான்மை போதாது. இப்போதே ஒவ்வொருவராகப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறார்.