காமிராவுக்கு முன்னால் ஒரு சீமாட்டி

ஃபேஷன் போட்டோகிராஃபி பற்றிப் பேசினால் எல்லோரும் 1911-ல் தொடங்குகிறார்கள். பாரிஸில் பால் புவாரே தைத்த உடைகளை எட்வர்ட் ஸ்டைக்கன் படமெடுத்த வருடம் அது. சரிதான். ஆனால் என் மனசு அதற்கும் அரை நூற்றாண்டு முன்னால் போய் நிற்கிறது, காஸ்திலியோனே சீமாட்டியிடம்.

இத்தாலியில் பிறந்தவர். பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனின் அரண்மனை வட்டாரமே அவர் அழகைப் பேசியது. 1856-லிருந்து பாரிஸில் பியர்சோன் என்பவரின் ஸ்டூடியோவில் தன்னைப் படமெடுத்துக்கொள்ள ஆரம்பித்தார். மொத்தம் நானூற்றுக்கும் மேல்! எந்த உடை, எப்படி நிற்பது, காமிரா எங்கே இருக்க வேண்டும், எல்லாம் அவர் முடிவு.

அப்போது கலர் ஃபிலிம் ஏது? காகிதத்தில் அச்சான படத்தின் மேல் ஓவியர் தூரிகையால் வண்ணம் பூசுவார். அதையும் இந்த அம்மா விடவில்லை. எந்த இடத்துக்கு என்ன நிறம் என்று அவரே குறிப்புக் கொடுத்தார். ஒரு மாறுவேட விருந்துக்குப் போட்ட ‘இதய ராணி’ உடைப் படத்தைப் பாருங்கள். வண்ணம் அவ்வளவு அடர்த்தி, அடியில் இருப்பது போட்டோ என்பதே மறந்துவிடும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொன்று. படம் வைக்கும் நீள்வட்டச் சட்டத்தைக் கண்ணருகே பிடித்து, அந்த ஓட்டை வழியாக ஒற்றைக் கண்ணால் நம்மையே பார்க்கிறார்.

படமெடுத்தவர் பெயர்தான் படத்தோடு நிற்கிறது. என்னைக் கேட்டால், பாதிப் பெயர் இந்தச் சீமாட்டிக்கும் சேர வேண்டும்.