அப்பா டிக்கெட் எடுத்திருந்தார்: உயர் நீதிமன்றம் வரை போன ரயில் விபத்து வழக்கு

2015-ல் ஓடும் ரயிலிலிருந்து விழுந்து அப்பா இறந்தார். ரயில் விபத்து இழப்பீட்டு மனுக்களை விசாரிக்கும் ரயில்வே தீர்ப்பாயத்தில் தோற்று, உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்துதான் இழப்பீடு கிடைத்தது.

எங்களைத் தோற்கடித்தது பிரேத விசாரணை அறிக்கையில் இருந்த ஒரு வரி: பயணச்சீட்டு ஏதும் கைப்பற்றப்படவில்லை. சட்டை கிழிந்து, பர்ஸே காணாமல் போயிருந்த உடம்பில் டிக்கெட்டை எங்கே தேடுவது? கவுண்டரில் அப்பா டிக்கெட் எடுத்ததைக் கண்ணால் பார்த்து, வண்டி ஏற்றிவிட்டவர் மாமா. அவர் கொடுத்த பிரமாண வாக்குமூலத்தை ‘சொந்தக்காரர் சாட்சி’ என்று ஒதுக்கி, 2018 தொடக்கத்தில் மனுவைத் தள்ளுபடி செய்தார்கள்.

மேல்முறையீட்டுக்கு 90 நாள்தான். உத்தரவின் சான்றிட்ட நகலுக்கு அலைந்த அலைச்சலை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. முதல் தடவை, “இன்னும் ரெடி ஆகல, அடுத்த வாரம் வாங்க.” இரண்டாம் தடவை கைக்கு வந்தது. பஸ் ஸ்டாண்டில் புரட்டினால் நடுவில் இரண்டு பக்கம் இல்லை. திரும்ப ஓடினேன். “வாங்கிட்டுப் போனப்புறம் நாங்க பொறுப்பில்ல, புதுசா மனு போடுங்க” என்றார் எழுத்தர். தயவுசெய்து கவுண்டரிலேயே பக்கங்களை எண்ணிப் பாருங்கள். நகலுக்கு விண்ணப்பித்த தேதி, தயாரான தேதி இரண்டும் முத்திரையில் தெளிவாக இருக்கட்டும். அந்த இடைப்பட்ட நாட்கள் 90 நாள் கணக்கில் சேராது.

அதே வருடம் மே மாதம் வந்த உச்ச நீதிமன்றத்தின் ரீனா தேவி தீர்ப்புதான் எங்களைத் தூக்கி நிறுத்தியது. டிக்கெட் கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும் இழப்பீட்டை மறுக்க முடியாது. நடந்ததை வாக்குமூலமாகக் கொடுத்துவிட்டால், அதைப் பொய்யென்று காட்டும் சுமை ரயில்வேக்குப் போய்விடும். மாமாவின் வாக்குமூலத்துக்கு எதிராக அவர்களிடம் ஒரு காகிதமும் இல்லை. படிக்கட்டில் கவனமில்லாமல் நின்றார் என்ற வாதமும் எடுபடவில்லை. ரயில்வே சட்டத்தின் 124-ஏ பிரிவில் தற்கொலை, தனக்குத்தானே செய்துகொண்ட காயம், குற்றச் செயல், போதை, நோய் போன்றவற்றுக்குத்தான் இழப்பீடு கிடையாது. அஜாக்கிரதை அதில் இல்லை.

விபத்து நடந்தபோது இழப்பீடு 4 லட்சம், 2017 ஜனவரி முதல் 8 லட்சம். பழைய தொகையும் வட்டியும் சேர்ந்தது, புதிய தொகை, இரண்டில் எது அதிகமோ அதைத் தர வேண்டும் என்பதும் அந்தத் தீர்ப்பில்தான். எங்களுக்கு 8 லட்சம் வந்தது. அம்மாவின் இனிஷியல் பாஸ்புக்கில் ஒன்று, ஆதாரில் ஒன்று என்றிருந்ததால் பணம் கைக்கு வர மேலும் இரண்டு மாதம். இதை முதலிலேயே சரிசெய்து வையுங்கள்.

தீர்ப்பில் ‘இறந்தவர் முறையான பயணி’ என்றிருந்த வரியை அம்மாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். மூன்றாம் முறையும் படிக்கச் சொன்னார்.