ரசிகரோட பாசம்தான் மந்திரம்னா அதுக்கு விலை என்ன

நாவல் எடிட்டிங்தான் என் வேலை, நான் கைவெச்ச மேனுஸ்கிரிப்ட்லயே மனசுக்கு ரொம்ப நெருக்கமானது ஒரு அர்பன் ஃபேன்டசி. இன்னைக்கு இருக்கற ஒரு சிட்டிலதான் கதை நடக்குது, ஆனா மந்திரம் ரத்தத்துலேந்தோ பழைய ஏட்டுலேந்தோ வரல, படம், சீரியல், காமிக்ஸ், கேம்ஸ் மேல ஜனங்க வெச்சிருக்கற வெறித்தனமான பாசத்துலேந்து வருது. கிழிஞ்சுபோன சினிமா டிக்கெட், பிடிச்ச கேரக்டர் மாதிரியே வேஷம் போட ராத்திரி பூரா உக்காந்து தெச்ச காஸ்ப்ளே டிரெஸ், இதெல்லாம்தான் அதுல ஆயுதம்.

இத விளையாட்டான ஐடியான்னு ஒதுக்கறவங்க இருக்காங்க, எனக்கு அதுல துளிகூட உடன்பாடு இல்ல. 1904ல பீட்டர் பேன் நாடகம் மேடை ஏறினப்பவே சாகக் கெடக்கற தேவதைய காப்பாத்த தேவதைங்கள நம்பறவங்க எல்லாம் கை தட்டுங்கன்னு ஆடியன்ஸ்ட்ட கேட்டாங்க, தட்டினா அவ பொழைப்பா, ரசிகரோட நம்பிக்கைதான் உயிர்ங்கறது அங்கயே இருக்கு. நிஜத்துலயும் நடந்திருக்கு. துப்பறியும் ஷெர்லாக் ஹோம்ஸ 1893ல அவன எழுதின கோனன் டாயில் கதைல கொன்னுட்டார், வாசகர்கள் விடவே இல்ல, 1903ல உயிரோட திருப்பிக் கொண்டுவந்தார்.

ஆனா ஐடியா நல்லா இருந்தா மட்டும் நாவல் நிக்காது. முதல் டிராஃப்ட்ல ஹீரோயின் எந்த படத்த நெனச்சாலும் அந்த சக்தி வந்துரும், எவ்ளோ வேணா, எத்தன தடவ வேணா, அதனால எந்த சண்டைலயும் பயமே வரல. நான் மார்ஜின்ல திரும்பத் திரும்ப கேட்டது ஒன்னுதான், இதுக்கு அவ என்ன குடுக்கறா? ஆத்தரும் நானும் போன்ல மணிக்கணக்கா பேசினோம். அப்ப நான் ஸ்டார் ட்ரெக்ங்கற விண்வெளி டிவி சீரியலுக்கு நடந்த கதைய சொன்னேன், அத நிறுத்திடாதீங்கன்னு 1968ல ரசிகர்கள் லெட்டரா எழுதிக் குவிச்சாங்க, மூணாவது சீசன் வந்துச்சு, ஆனா 1969ல சீரியல் நின்னே போச்சு. அப்புறம் 1976ல நாசாவோட முதல் ஸ்பேஸ் ஷட்டிலுக்கு கான்ஸ்டிட்யூஷன்னு பேர் வைக்க இருந்தத ரசிகர்கள் லெட்டர் போட்டே அந்த சீரியல்ல வர்ற கப்பலோட பேரான என்டர்பிரைஸ்னு மாத்த வெச்சாங்க, ஆனா அந்த ஷட்டில் டெஸ்ட் பண்றதுக்குன்னு கட்டினது, விண்வெளிக்குப் போகவே இல்ல. பாசத்தால ஒன்ன நகர்த்த முடியும், எங்க வரைக்கும்ங்கறத அது முடிவு பண்ண முடியாது, அந்த எல்லை நாவலுக்குள்ள வரணும்னு சொன்னேன்.

ரெண்டு வாரம் கழிச்சு அவங்க கொண்டுவந்த விதிய படிச்சப்ப எனக்கு நெஞ்சே அடச்சிருச்சு. ஒரு படத்துலேந்து சக்தி எடுத்தா அந்தப் படம் தர்ற சந்தோஷம் கொஞ்சம் கொறையும். கத ஞாபகம் இருக்கும், வசனம் ஞாபகம் இருக்கும், சிலிர்ப்பு மட்டும் வராது. அப்பாகூட சின்ன வயசுல பாத்த படத்த அவ கடைசி வரைக்கும் தொடாம பத்திரமா வெச்சிருக்கறது ஏன்னு அதுக்கப்புறம் யாருக்கும் வெளக்கவே வேணாம்.

மத்தபடி வழக்கமான எடிட்டிங் தலவலி எல்லாம் இதுலயும் உண்டு. மந்திரமா சினிமா பாட்டு வரிய அப்படியே போட்டிருந்தாங்க, காப்பிரைட் இருக்கற பாட்டுல ஒரு வரி எடுக்கணும்னாலும் பர்மிஷன் வாங்கச் சொல்றதுதான் பதிப்பகங்கள்ல வழக்கம், அதனால வரிய எடுத்துட்டு அவ முணுமுணுக்கறப்ப ஒடம்புல என்ன நடக்குதுன்னு எழுத வெச்சோம், சீன் பல மடங்கு நல்லா வந்துச்சு. படம் பேர சொல்லிட்டா போதும் வாசகருக்கு புரிஞ்சுரும்னு நெனைக்கறது இந்த மாதிரி நாவல்ல பெரிய பள்ளம், அந்தப் படத்த பாக்காதவங்களுக்கும் இவ ஏன் அதுக்கு இப்படி உருகறாங்கறது போய் சேரணும். அப்புறம் யார் எத எப்ப பாத்தாங்க, எவ்ளோ சக்தி மிச்சம் இருக்குன்னு தனியா ஒரு ஷீட் போட்டு ஒவ்வொரு அத்தியாயமா சரிபாத்தேன்.

பெரிய வாக்குவாதம் வில்லன் விஷயத்துல. ஃபேன்ஸ மதிக்காத ஒரு கம்பெனி முதலாளின்னு எழுதியிருந்தாங்க, நான் அவனும் ஃபேனா இருக்கட்டும்னு சொன்னேன். ஏன்னா ஃபேண்டம்ல, அதாவது ரசிகர் கூட்டத்துல, இருந்தவங்க எல்லாருக்கும் அப்படி ஒருத்தன தெரியும், புதுசா வர்றவங்கள நிக்க வெச்சு கேள்வி கேட்டு, நீயெல்லாம் உண்மையான ஃபேனே இல்லன்னு தொரத்தி விடறவன். அந்த வலிய எத்தனையோ பேர் சுமந்துட்டு இருக்காங்க, அத பேசாம இந்த நாவல் முழுசாகாதுன்னு நான் உறுதியா நம்பினேன். ஆத்தர் ஒத்துக்கிட்டதோட இன்னும் ஒரு படி மேல போயிட்டாங்க, ஒரு கதைய ரசிக்கற ஆள் கொறையக் கொறைய அந்தக் கதையோட மந்திரமும் வத்தும்னு விதிய மாத்தினாங்க, அதனால அவன் ஆள தொரத்தத் தொரத்த அவன் பலம்தான் போகுது, அலமாரி பூரா பெட்டியே பிரிக்காத பொம்மையா வெச்சிருக்கான், ஒன்னுலயும் ஒரு பொறிகூட வரல. கடைசி சண்டைய இத வெச்சு திரும்ப எழுதினாங்க, நான் அதுல கமா, புள்ளி தவிர எதையும் தொடல.