கொழுந்துத் தராசும் கணக்கப்பிள்ளையின் போனும்: பட்டறை நாட்குறிப்பு

2024 ஜூன் 11, செவ்வாய், ஹட்டன்

டிக்கோயாப் பக்கத் தேயிலைத் தோட்டத்துக்கு நான் செய்து கொடுத்த டிஜிட்டல் தராசு, கொழுந்து நிறுக்கும் மடுவத்திலிருந்து திரும்பி வந்துவிட்டது. கூடவே ஒரு கடதாசித் துண்டு: "நிறை பிழை". வேறு ஒரு விவரமும் இல்லை. 20 கிலோ படிக்கல்லைத் தொங்கவிட்டேன். 20.00. இரண்டு மணித்தியாலம் கழித்தும் 20.00. "அண்ணே, அவங்களுக்குப் பார்க்கத் தெரியல" என்றான் பட்டறைப் பையன். நானும் தலையாட்டினேன்.

ஜூன் 12, புதன்

பஸ்ஸில் பெட்டியையும் படிக்கல்லையும் மடியில் வைத்துக்கொண்டு தோட்டத்துக்கே போனேன். நல்ல மழை. அந்தி நிறுவைக்கு வரிசை நிற்கிறது. இடுப்பில் கட்டிய படங்குகளிலிருந்து தண்ணீர் சொட்டி மடுவமெல்லாம் ஈரம். தோட்டத் தொழிலாளருக்கு நாளுக்கு 1,700 ரூபாய் என்று வர்த்தமானி வந்த நாளிலிருந்து சம்பளப் பேச்சு ஓயவில்லை. இந்த நேரத்தில் தராசு பிழை என்றால் யார் சும்மா இருப்பார்கள்?

நிறையைப் பேரேட்டில் பதியும் கணக்கப்பிள்ளை ஒன்றும் விளங்காமல் கையை விரித்தார். வரிசையில் நின்ற ஒரு பெரியம்மாதான் சொன்னார்: "தம்பி, இவரு போன் அடிச்சா ஒங்க பெட்டி என் கொழுந்தத் திங்குது."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மேசையில், தராசுக்கு ஒரு முழம் தள்ளி, ஒரு பட்டன் போன் கிடந்தது. என் போனிலிருந்து அதற்கு அடித்தேன். கொக்கியில் 20 கிலோ. 20.00... 19.86... 19.60. அதற்குப் பிறகுதான் மணி அடித்தது. மணிக்கு முதலே நிறை இறங்கிவிட்டது! போன் முதலில் கோபுரத்துக்கு ரேடியோ அலையில் பதில் சொல்லிவிட்டுத்தான் மணி அடிக்கிறது. பெட்டி அந்தப் பதிலைக் கேட்டிருக்கிறது.

நானூறு கிராம். துள்ளவில்லை, ஆடவில்லை. 19.60 என்று கல்லு மாதிரி நிற்கிறது. பார்ப்பவர் நம்பத்தான் செய்வார்.

ஜூன் 13, வியாழன்

அதே மாதிரிப் பட்டன் போனை இங்கே தராசுக்குப் பக்கத்தில் வைத்து அடித்தால் ஒரு கணம் எண் அசைந்து, உடனே சரியாகிவிடுகிறது. காரணம் பிடிபட்டது. ஹட்டனில் கோபுரம் கிட்ட. கிட்ட இருந்தால் போன் தன் சக்தியைக் குறைத்துக்கொள்ளும். அந்த மடுவம் பள்ளத்தில் இருக்கிறது. சிக்னல் ஒரு கோடு வந்தால் பெரிய விஷயம். அங்கே 900 மெகாஹெர்ட்ஸ் 2ஜி போன் தொண்டை கிழியக் கத்தும்: உச்சம் 2 வாட். கணக்குப் போட்டேன். ஒரு மீற்றர் தள்ளி, மீற்றருக்கு 8 முதல் 10 வோல்ட் மின்புலம். 30 சென்ரிமீற்றரில் 25-க்கு மேல். நிறுவைக் கருவிகளுக்கான சர்வதேசப் பரிந்துரையில் (ஓஐஎம்எல் ஆர் 76, 2006) சோதனைப் புலமே மீற்றருக்கு 10 வோல்ட்தான். அந்தப் புலத்துக்குள் வைத்தாலும் காட்டும் நிறை ஒரு பிரிவுக்கு, அதாவது தராசு காட்டும் மிகச் சின்னப் படிக்கு, மேல் மாறக்கூடாது. என் பிரிவு 20 கிராம். மாறியது இருபது பிரிவு.

பட்டறையில் படிக்கல்லைத் தொங்கவிட்டுப் பார்த்ததையெல்லாம் நான் சோதனை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 14, வெள்ளி

சிங்கப்பூரில் மின்காந்த இணக்கச் சோதனைக் கூடத்தில் (ரேடியோ அலை கருவிகளைக் குழப்புகிறதா என்று பார்க்கும் இடம்) வேலை செய்யும் பள்ளித் தோழனிடம் பேசினேன். படம் அனுப்பச் சொன்னான். அனுப்பிய அடுத்த நிமிஷம் கோல்.

"மச்சான், அந்த ஷீல்டு வால் எவ்வளவு நீளம்?"

அளந்தேன். நிறையை வோல்டாக்கும் உணரியிலிருந்து வரும் வயரைச் சுற்றிய பின்னல் உறைதான் ஷீல்டு; அதைப் பிரித்து, முறுக்கி, கறுப்புக் குழாய் போட்டு, போர்டின் தரைப் புள்ளியில் சொல்டர் பண்ணியிருந்தேன். பார்க்க அழகான வேலை. எட்டு சென்ரிமீற்றர்.

"900 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளம் என்ன?"

எட்டே கால். கால் அலைநீளக் கம்பி அந்த அலையை நன்றாகப் பிடிக்கும். காப்புக்காகப் போட்ட உறையை நானே அன்டெனாவாக்கி, அதன் அடியை, உணரியின் சின்ன வோல்டைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயரின் வாசலில் கட்டியிருக்கிறேன்.

ஜூன் 16, ஞாயிறு

லயத்துப் பெரியம்மா சொன்ன "திங்குது" எப்படி நடக்கிறது என்று எனக்கே விளங்கும்படி எழுதிப் பார்க்கிறேன். 60 கிலோ தொங்கினாலும் உணரி தருவது மொத்தம் 10 மில்லிவோல்ட். 400 கிராம் என்பது 67 மைக்ரோவோல்ட். ஆம்ப்ளிஃபயரால் 900 மெகாஹெர்ட்ஸைப் பெருக்க முடியாது. ஆனால் அதன் உள்வாசலில் உள்ள குறைகடத்திச் சந்திகள் டயோட் மாதிரி அதை ஒருபக்கமாக வடித்து, சின்ன நேர்வோல்டாக்கிவிடும். 2ஜி போன் விட்டு விட்டு அனுப்பும், செக்கனுக்கு 217 தடவை. ரேடியோப் பக்கத்தில் வைத்தால் வருமே அந்த டிர்ர்ர், அதுதான். அந்த அதிர்வாவது எண்ணை ஆட்டிக் காட்டிக்கொடுத்திருக்கும். அதையும் விட்டேனா? "எண் ஆடுது" என்று போன வருஷம் ஒருவர் குறை சொன்னதற்காக 16 அளவுகளின் சராசரியை மென்பொருளில் போட்டவன் நான். ஆட்டம் போனது, பிழை அப்படியே தங்கியது.

ஜூன் 19, புதன்

பிளாஸ்டிக் பெட்டியைத் தூக்கிப் போட்டு அலுமினியப் பெட்டி. வயர் நுழையும் இடத்தில் அதை இறுக்கிப் பிடிக்கும் உலோகக் கிளாண்ட்; பின்னல் உறை சுற்றிவர பெட்டியையே கவ்வும், வால் கிடையாது. ரேடியோ அலையை வடிகட்ட, ஒவ்வொரு சமிக்ஞைக் கம்பியிலும் 100 ஓம், தரைக்கு 100 பிகோஃபாரட், இரண்டுக்கும் இடையில் 1 நானோஃபாரட். வயரில், ரேடியோ அலையை அடக்கும் ஒரு ஃபெரைட் கிளிப். கிளிப்பை மட்டும் முதலில் போட்டுப் பார்த்திருந்தால் பாதி குறைந்திருக்கும், நான் அதோடு விட்டிருப்பேன். சாமான் செலவு பெட்டியைத் தவிர்த்தால் ஒரு கொத்து ரொட்டிக் காசு.

ஜூன் 21, வெள்ளி

பொசன் போயா. பட்டறை பூட்டு.

ஜூன் 25, செவ்வாய்

அதே மடுவம், அதே மேசை, அதே போன். இந்தத் தடவை போனைத் தராசின் முதுகிலேயே ஒட்டி வைத்து அடித்தேன். 20.00. மணி அடித்தது. 20.00. எடுத்துப் பேசச் சொன்னேன். 20.00. கணக்கப்பிள்ளை வாக்கி டோக்கியையும் கொண்டுவந்து அமுக்கிப் பார்த்தார், ஒருமுறை 20.02 காட்டியது. அது ஒரு பிரிவுதான், ஆனாலும் குறித்துக்கொண்டேன். அளவீட்டு அலகுகள் திணைக்களத்து முத்திரைக்குக் கொடுக்க முன் சோதனைக் கூடத்தில் ஒரு நாள் எடுத்தே ஆக வேண்டும். தோழன் விலை கேட்டுச் சொல்வதாகச் சொன்னான்.

பெரியம்மா தன் சாக்கைக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டு நின்றார். "இப்ப அடிங்க." அடித்தேன். எண் அசையவில்லை. சாக்கை இறக்கினார்.

"சரி தம்பி. மூணு மாசமா தின்ன கிலோ?"

பெட்டியின் நினைவகத்தில் நிறை இருக்கிறது, நேரம் இருக்கிறது. எந்த நிறுவையின்போது போன் பேசியது என்று அதில் இல்லை. கணக்கப்பிள்ளை பேரேட்டை மூடிக்கொண்டு மழையைப் பார்த்தார்.