பள்ளியின் பெயரில் பதிந்ததால் வந்த வினை

பள்ளி முதல்வர்களுக்கான மூன்று நாள் மாநாட்டுக்குப் போய்த் திரும்பி ஒரு வாரமாகிறது. பதிவு மேசையில் நின்ற இரண்டரை மணி நேரத்தை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை.

பிழை எங்கள் பக்கம்தான் தொடங்கியது. கட்டணத்தைப் பள்ளி செலுத்தியது. படிவத்தை நிரப்பிய அலுவலக ஊழியர், பெயர் கேட்ட இடத்தில் ‘முதல்வர்’ என்று எழுதிப் பள்ளியின் பெயரையும் சேர்த்துவிட்டார். கொடுத்த மின்னஞ்சலும் பள்ளியின் பொது முகவரிதான். ரசீது வந்துவிட்டதே என்று நானும் அதைத் திறந்து பார்க்கவில்லை.

“உங்கள் பெயரில் பதிவே இல்லையே” என்றார் மேசையில் இருந்தவர். ரசீதைக் காட்டினேன். “இது பள்ளிக்குக் கொடுத்த ரசீது. அந்த முதல்வர் நீங்கள்தான் என்பதற்கு என்ன சான்று?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பின்னால் நின்றவரை அழைத்தார். அடுத்த மேசைக்குப் போகச் சொன்னார்கள். அங்கிருந்து மறுபடியும் முதல் மேசைக்கு. கடைசியில் நிர்வாகத்தின் கடிதம் வேண்டும் என்றார்கள். துணை முதல்வர் கையொப்பமும் முத்திரையும் வாங்கிப் படமெடுத்து அனுப்பியபோது முதன்மை உரை முடிந்து அரங்கம் கலைந்துகொண்டிருந்தது. கடிதம் வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லியிருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும்.

ஆகவே, பள்ளி பணம் கட்டினாலும் பதிவு உங்கள் பெயரில், உங்கள் சொந்த மின்னஞ்சலில் இருக்கட்டும். நிர்வாகத்தின் அனுமதிக் கடிதத்தை அச்சிட்டுக் கையிலேயே வைத்திருங்கள்.

அதைவிடப் பெரிய அடி மறுநாள் விழுந்தது. வகுப்பை உற்றுநோக்கி ஆசிரியரிடம் எப்படிப் பேசுவது என்ற பயிலரங்குக்காகத்தான் நான் இந்த மாநாட்டுக்கே வந்தேன். அதற்கு 30 இடங்கள்தான், தனியாக முன்பதிவு செய்ய வேண்டும் என்ற தகவல், யாரும் திறக்காத அந்தப் பொது மின்னஞ்சலில் கிடந்திருக்கிறது. பட்டியலில் பெயர் இல்லை என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். நான் நகரவில்லை. பதிந்தவர்களில் யாராவது வராமல் போனால் அந்த இடத்தைத் தரும்படி கேட்டுக்கொண்டு நின்றேன். பத்து நிமிடம் கழித்து நெறியாளரே வெளியே வந்து, “இரண்டு இடம் காலியாக இருக்கிறது, வாருங்கள்” என்றார். அந்த நிமிடத்தில் முதல்நாள் கோபம் பாதி கரைந்துபோனது. முன்பதிவு செய்தவர்களில் சிலர் வராமல் போவது வழக்கம்தான் என்று பிறகு சொன்னார்கள். இடமில்லை என்றதும் திரும்பிவிடாதீர்கள்.

உள்ளே ஒரு பாடத்தின் காணொளியைக் காட்டி, கண்டதை எழுதச் சொன்னார்கள். ‘கற்பித்தல் நன்று, வகுப்புக் கட்டுப்பாடு குறைவு’ என்று எழுதினேன். நெறியாளர் அதை வாசித்துவிட்டு, “இது நீங்கள் சொன்ன தீர்ப்பு. நீங்கள் கண்டது எங்கே?” என்று கேட்டார். இத்தனை ஆண்டுகளாக நான் ஆசிரியர்களிடம் கொடுத்த குறிப்புகள் எல்லாம் கண்முன் வந்து நின்றன. கல்வி ஆய்வாளர் விவியன் ராபின்சன் குழுவினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வையும் அவர் எடுத்துச் சொன்னார். பள்ளித் தலைமையின் பணிகளை ஐந்து வகையாகப் பிரித்துப் பார்த்ததில், ஆசிரியர்களின் கற்றலை ஊக்குவித்து அதில் தாமும் பங்கேற்பதுதான் மாணவர்களின் கற்றலோடு மிக வலுவான தொடர்பு கொண்டிருந்ததாம். என் நாளில் பெரும்பகுதி கோப்புகளுக்கே போகிறது என்பதை நினைக்க வலித்தது.

கண்காட்சி அரங்கைப் பற்றி ஒரே எச்சரிக்கை: அடையாள அட்டையை எல்லாரிடமும் ஸ்கேன் செய்யக் கொடுக்காதீர்கள். விற்பனை அழைப்புகள் இன்னும் எனக்கு ஓயவில்லை.

சான்றிதழிலும் கவனம் தேவை. அமர்வுக்குள் நுழையும்போது மட்டுமல்ல, வெளியேறும்போதும் அட்டையைப் பதிய வேண்டும். பள்ளியிலிருந்து வந்த அழைப்பை எடுக்க ஓடியதில் ஓர் அமர்வில் அதை மறந்தேன். அந்த இரண்டு மணி நேரம் கணக்கில் சேரவில்லை. சான்றிதழும் முதலில் ‘முதல்வர்’ என்ற பெயரிலேயே வந்தது. இரண்டு முறை எழுதிய பிறகு, முந்தாநாள்தான் திருத்தி அனுப்பினார்கள்.

நேற்று ஒரு கணக்கு வகுப்பில் பின் வரிசையில் உட்கார்ந்தேன். யாரிடம் என்ன கேள்வி கேட்கப்பட்டது, யார் பதில் சொன்னார்கள் என்று மட்டும் குறித்து, தாளை அப்படியே ஆசிரியையிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு நிமிர்ந்தார். “கடைசி இரண்டு வரிசையிடம் நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையா, மேடம்?”