‘சிகிச்சை’ என்ற ஒரு சொல்லுக்காக ஏழு மாதம்

மசாஜ் நிலையத்துக்கான தொழில் உரிமம் போன வாரம்தான் கைக்கு வந்தது. முதல் விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து எண்ணினால் ஏழு மாதம், பதினொரு நாள். அதில் ஆறு மாதம் பூட்டிக் கிடந்த இடத்துக்கு வாடகை கட்டியிருக்கிறேன். இதே வேலையில் இறங்க நினைக்கும் இரண்டு மூன்று பெண்கள் விவரம் கேட்டிருக்கிறார்கள். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், ஆறிவிட்டால் பாதி மறந்துபோகும்.

கேரளத்தில் ஓராண்டு ஆயுர்வேத தெரபிஸ்ட் படிப்பு முடித்து, ஒன்பது வருடம் பிறரிடம் வேலை பார்த்தேன். இப்போது சொந்தமாக, பெண்களுக்கு மட்டும், இரண்டு மசாஜ் கட்டில், உதவிக்கு ஒரு பெண். தமிழ்நாட்டில் ஒரு மாநகராட்சி எல்லைக்குள், முதல் மாடியில் இடம். அவ்வளவுதான் என் சாம்ராஜ்யம்.

உத்யம் என்ற சிறுதொழில் பதிவு, பான், வங்கிக் கணக்கு எல்லாம் ஒரே நாளில் முடிந்தன. உத்யம் சான்றிதழைக் காட்டினாலே போதும் என்று சொல்லும் ஏஜென்டை மட்டும் நம்பாதீர்கள். அதேபோலத் தொழில் வரி ரசீதைத் தொழில் உரிமம் என்று நினைத்துக்கொண்டு கடை நடத்துகிறவர்கள் நிறைய. வரி என்பது அரையாண்டுக்கு ஒரு முறை கட்டுவது. உரிமம் என்பது இந்த இடத்தில் இந்தத் தொழிலைச் செய்யலாம் என்ற அனுமதி. ஒன்று இருப்பதால் இன்னொன்று வேண்டாம் என்று ஆகாது.

ஆன்லைனில் விண்ணப்பித்துவிட்டு, மூலச் சான்றிதழ்களைக் காட்ட மண்டல அலுவலகத்துக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்தவர் தாளைப் புரட்டிவிட்டு, “மசாஜ் சென்டரா?” என்று கேட்டார். கேட்டார் என்றா சொன்னேன், அறிவித்தார். குடிநீர் வரி கட்ட வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் மட்டும் மரியாதைக்காக மின்விசிறியைப் பார்த்தார். “ஆமாம் சார், பெண்களுக்கு மட்டும்” என்று நானும் அதே சத்தத்தில் சொன்னேன். சொல்லிவிட்டேனே தவிர, கையில் இருந்த ஃபைல் நடுங்கியது.

அவர் என் கேரளச் சான்றிதழை எடுத்து, ‘ஆயுர்வேத’ என்ற சொல்லின் மேல் விரலை வைத்தார். “இது மருத்துவம்மா. நாங்க குடுக்க முடியாது. சுகாதாரத் துறையில போய்க் கேளுங்க.”

மாவட்ட சுகாதார அலுவலகம் ஊரின் மறுகோடியில். இரண்டு பஸ் மாறிப் போய், மதிய உணவு இடைவேளை முடியும்வரை உட்கார்ந்திருந்து, உள்ளே போனால் முதல் கேள்வியே “டாக்டர் யாரு?”

“டாக்டர் யாரும் இல்லைங்க சார். நான் தெரபிஸ்ட்.”

“டாக்டர் இல்லாம கிளினிக்குக்கு எப்படிம்மா பதிவு குடுக்கிறது?”

“இது கிளினிக் இல்லைங்க சார்.”

“அப்ப எதுக்கு இங்க வந்தீங்க?”

நியாயமான கேள்விதான். திரும்ப மண்டல அலுவலகம். “பதிவு வேண்டாம்னு அவங்க எழுதிக் குடுத்தாங்களா?” இல்லை. மறுபடி மறுகோடி. “கேட்காத பதிவை வேண்டாம்னு நாங்க எப்படி எழுதிக் குடுக்க முடியும்?” இப்படியே மூன்று சுற்று. இரண்டாவது மாதம் இதிலேயே போனது.

இந்த முடிச்சை அவிழ்த்தவர், ஆய்வுக்கு வந்த சுகாதார ஆய்வாளர். நல்ல மனிதர். துண்டுகளை எங்கே துவைக்கிறோம், ஒருவருக்குப் போட்ட விரிப்பை அடுத்தவருக்கு மாற்றுகிறோமா, மீந்த எண்ணெயை என்ன செய்கிறோம் என்று உருப்படியான கேள்விகள் கேட்டார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து என் விண்ணப்பத்தை நிதானமாகப் படித்தார். தொழிலின் விவரம் என்ற கட்டத்தில் நான் ‘ஆயுர்வேத எண்ணெய் மசாஜ் சிகிச்சை’ என்று எழுதியிருந்தேன். சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, ‘சிகிச்சை’யைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

“இந்த வார்த்தைதாம்மா உங்களை அலைய விடுது.”

சிகிச்சை என்று எழுதினால் அது மருத்துவ நிறுவனம். 1997-ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் போய்விடும். சித்தா, ஆயுர்வேதம் எல்லாம் அதில் அடக்கம். பதிவு பெற்ற மருத்துவர் வேண்டும், மாவட்ட அளவில் பதிவு வேண்டும். வெறும் உடல் மசாஜ் என்றால் மாநகராட்சியின் தொழில் உரிமம், கூடவே காவல் துறை. நான் ஒரே வரியில் இரண்டு கதவையும் தட்டியிருக்கிறேன், இரண்டும் மூடிக்கொண்டன. மூட்டு வலி தீரும், முதுகுத் தண்டு சரியாகும் என்று நோட்டீஸில் அச்சடித்தாலும் இதே கதிதான். ஐந்நூறு நோட்டீஸ் வைத்திருந்தேன். இப்போது அதன் பின்பக்கம் மளிகைக் கணக்கு எழுதுகிறேன்.

சரி, சொல்லைத் திருத்திவிடலாம் என்றால், சமர்ப்பித்த விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தைத் திருத்த வழியில்லை. புதிதாகப் போட்டேன், கட்டணமும் புதிதாகக் கட்டினேன். பெயர்ப் பலகையிலும் அதே சொல் இருந்ததால் அதுவும் போச்சு. இரண்டாவது பலகை செய்யும்போதுதான், தமிழ் பெரிதாகவும் ஆங்கிலம் அதற்கு அடுத்தும் இருக்க வேண்டும், தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற விகிதம் என்று பலகை எழுதும் தம்பி சொன்னான். முதல் பலகையில் ஆங்கிலம்தான் மேலே, பெரிதாக. ஆக, ‘சிகிச்சை’ என்ற சொல்லால் சிக்கியிருக்காவிட்டாலும் அந்தப் பலகை இந்த விகிதத்தில் சிக்கியிருக்கும். உரிமம் வரும்வரை பலகைக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள்.

அடுத்த அடி வாடகை ஒப்பந்தத்தில். பத்திரம் எழுதியவர் தன் கம்ப்யூட்டரில் இருந்த பழைய மாதிரியை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார். உபயோகம் என்ற இடத்தில் ‘பியூட்டி பார்லர்’. நானும் கையெழுத்துப் போடும்போது வாடகைத் தொகையை மூன்று முறை படித்தேன், அந்த வரியைப் படிக்கவில்லை. விண்ணப்பத்தில் மசாஜ், ஒப்பந்தத்தில் பார்லர், திருப்பி அனுப்பினார்கள். அதோடு அந்த மாடி சொத்து வரிக் கணக்கில் குடியிருப்பாக இருந்தது, மின் இணைப்பும் வீட்டுக் கட்டணத்தில். இரண்டையும் வணிகத்துக்கு மாற்ற வேண்டும்.

வீட்டு உரிமையாளர் ஓய்வு பெற்ற ஆசிரியர். மாடியைக் கொடுக்கும்போது “நல்லா பண்ணும்மா” என்று வாழ்த்தியவர், திருத்திய ஒப்பந்தத்தில் ‘மசாஜ்’ என்ற சொல்லைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார். “பார்லர்னே இருக்கட்டுமேம்மா. யாரு வந்து பார்க்கப் போறா?”

“போலீஸே வந்து பார்க்கும்யா, அதுக்குத்தான் சரியா எழுதணும்” என்றேன். போலீஸ் என்ற சொல்லை நான் அங்கே எடுத்திருக்கவே கூடாது. அட்வான்ஸைத் திருப்பித் தருகிறேன் என்றார். மூன்று நாள் கழித்து அவர் மனைவியிடம் பேசினேன். அம்மா நேராக மாடிக்கு வந்து கட்டிலைப் பார்த்தார், எண்ணெயை மோந்து பார்த்தார், “பொம்பளைங்க மட்டும்தானே?” என்று இரண்டு முறை கேட்டார். மறுநாள் ஐயா கையெழுத்துப் போட்டார். வரியிலும் மின் கட்டணத்திலும் கூடும் தொகையை நானே கட்டுவதாக எழுதிக் கொடுத்தேன். உங்கள் ஒப்பந்தத்தில் முதல் நாளே சேர்க்க வேண்டியவை: செய்யப்போகும் தொழிலின் சரியான பெயர், உரிமம் கிடைக்கும்வரை பாதி வாடகை. இரண்டாவதை நான் கேட்கத் துணியவில்லை. கேட்டிருந்தால் மூன்று மாத வாடகை மிச்சம்.

அப்புறம் காவல் நிலையம். தனியாகப் போக வேண்டாம் என்று நாத்தனார் கூடவே வந்தார். என் அடையாளச் சான்று, உதவியாளர் பெண்ணின் சான்று, இருவருக்கும் நன்னடத்தைச் சரிபார்ப்பு, இதெல்லாம் நான் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, “ரூமுக்கு உள்ளேயும் கேமரா வெச்சாத்தான் தடையில்லாச் சான்று” என்றது. பெண்கள் துணி மாற்றும் அறையில் கேமராவா என்று நாத்தனார் எகிறிவிட்டார். அவர் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன்.

அந்த அதிகாரியும் இல்லாததைச் சொல்லவில்லை என்பது வீட்டுக்கு வந்து தேடியபோதுதான் தெரிந்தது. ஸ்பா, மசாஜ் நிலையங்களில் சிசிடிவி வேண்டும் என்று 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஓர் உத்தரவு வந்திருக்கிறது. மூன்று வாரம்கூட ஆகவில்லை, 2022 ஜனவரி 4 அன்று மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், ஸ்பாவுக்குள் கேமரா வைப்பது தனியுரிமையைப் பறிப்பது என்று சொல்லியிருக்கிறார். திருச்சியில் காவல் துறையின் தடையில்லாச் சான்று கேட்ட ஒருவரின் வழக்கு அது. தனியுரிமை அடிப்படை உரிமை என்ற 2017-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் அதில் வருகிறது. இரண்டும் ஒரே உயர் நீதிமன்றம். எந்தக் காவல் நிலையத்தின் கைக்கு எந்த உத்தரவு கிடைத்ததோ, அதை வைத்துக் கேட்கிறார்கள்.

மதுரைத் தீர்ப்பை அச்செடுத்து, தேவையான பத்திகளுக்கு மஞ்சள் பூசி, ஒரு கடிதத்தோடு கொண்டுபோனேன். வாசலிலும் வரவேற்பிலும் கேமரா வைக்கிறேன், அறைக்குள் வைக்க மாட்டேன், அறைக் கதவில் உள்தாழ்ப்பாள் போட மாட்டேன், வருகைப் பதிவேடு வைப்பேன் என்று நானே எழுதியிருந்தேன். அதிகாரி தலையசைக்கவில்லை. “இது போதாதுன்னா, என்ன காரணம்னு எழுதிக் குடுத்துடுங்க சார்” என்றேன். ஏழு மாதத்தில் நான் கற்ற மந்திரம் இதுதான். குரலை உயர்த்தாமல், கையில் பேனாவோடு கேட்க வேண்டும். எழுதிக் கொடுக்க யாருக்கும் மனம் வராது. பத்து நாளில் சான்று வந்தது.

வந்தும் கோப்பு நகரவில்லை. “மேல போயிருக்கு” என்ற பதிலை ஐந்து வாரம் கேட்டேன். கடைசியில் ஒரு திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தின் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தேன். அன்று எனக்குக் கைகொடுத்தவை நகல்களில் இருந்த முத்திரைகள். எந்தக் கடிதத்தையும் மேசையில் இருப்பவர் கையில் கொடுக்காமல், தபால் பிரிவில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிவிடுவேன். பதினான்கு முத்திரைகள் இருந்தன. ஒவ்வொன்றாகப் புரட்டிக் காட்டினேன். அந்த வியாழக்கிழமை மண்டல அலுவலகத்திலிருந்து அவர்களாகவே போன் செய்தார்கள். அதே கவுன்ட்டர் குரல், இந்த முறை மெதுவாக: “மேடம், உங்க லைசென்ஸ் ரெடி.”

ஒரு சொல்லுக்காக ஏழு மாதம் அலைந்தவள் இல்லையா, உரிமத்தில் முதலில் பார்த்தது தொழிலின் பெயரைத்தான். ஆன்லைன் பட்டியலில் இருந்த தலைப்பு அப்படியே அச்சாகியிருந்தது: ‘அழகு நிலையம், ஸ்பா மற்றும் அதுபோன்றவை’. மசாஜ் என்ற சொல்லே இல்லை. நகல் ஒன்றை வீட்டு உரிமையாளரிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

“பார்லர்னுதானேம்மா போட்டிருக்கான்? இதைத்தானே நான் அன்னைக்கே சொன்னேன்.”